“நலமே” என்னும் பதில்

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “அல்ஹம்துலில்லாஹ், நலமே” என்பது நம்மவர் வழக்கம். காய்ச்சலில் கிடப்பவரும் அப்படியே சொல்வார். நல்ல வழக்கந்தான். ஆனால் கேட்பவர் ஆஸ்பத்திரித் தாதியாகவும், கேள்வி டெலிபோன் வழியாகவும் வரும்போது, இந்தப் பதில் சபூரா, பொய்யா என்று நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இருதயம் பலவீனப்பட்டவருக்கு உடம்பில் நீர் தங்கும். கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அதற்கு முன்பே எடை ஏறத் தொடங்கிவிடுவதுண்டு. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் தாமதியாமல் தெரிவிக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். வீடு திரும்பியவரைத் தாதிமார் அழைத்து எடை, மூச்சு, மாத்திரை, உப்பு என்று விசாரிப்பது இதற்காகவே. அர்ஜென்டினா நாட்டில் 51 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 1,518 இருதய நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். தாதிமார் அழைத்து வந்தவர்களிடையே, இந்நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது 29 சதவீதம் குறைந்திருந்தது. மரணக் கணக்கில் மட்டும் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை. அஜல் அல்லாஹ்விடம் இருக்கிறது. நீர் மாத்திரையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் கூட அந்தத் தாதியருக்கு அனுமதி இருந்தது. எதை வைத்து? நோயாளி சொன்ன சொல்லை வைத்து!

கட்டிலருகே நிற்கும் டாக்டர் காலை அமுக்கிப் பார்ப்பார். நாம் மறைத்தாலும் குழி விழுந்து காட்டிக்கொடுக்கும். டெலிபோனில் நம் சொல்லைத் தவிர வேறு தராசு கிடையாது. கருவாடும் ஊறுகாயும் தின்றுவிட்டு “உப்பே சேர்ப்பதில்லை” என்பவரும், எடை பாராமலே ஏதோ ஓர் எண்ணைச் சொல்பவரும், குறைந்த எடைக்கல்லைத் தாமே தாதியின் கையில் கொடுக்கிறார்கள். அளவையில் மோசம் செய்வோரைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை வியாபாரிகளாகிய நமக்குப் பிறர் வந்து சொல்லவேண்டியதில்லை.

நோயை வெளியே சொல்வது சபூருக்கு விரோதம் என்பர் சிலர். ஐயூப் நபி (அலை) தம் துன்பத்தை வாய்விட்டு முறையிட்டார்கள். அல்லாஹ்வோ அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்கிறான். அது இறைவனிடம் முறையிட்டதல்லவா, மனிதரிடம் அல்லவே என்று கேட்டால், பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்குத் தலை வலிப்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னதாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. எதிர்ப்பட்டவரிடமெல்லாம் புலம்புவது வேறு. தாதியிடம் “அல்ஹம்துலில்லாஹ்” என்று தொடங்கி, “கால் வீங்கியிருக்கிறது” என்று முடிக்கலாமே; இரண்டும் மெய்தான்.

சில வீடுகளில் மகனே டெலிபோனை எடுத்து, “வாப்பா நலம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடுகிறான். தான் சொன்னது ஒரு சாட்சி என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. பஜ்ரு தொழுகைக்குப் பின், பசியாறுமுன் எடை பார்த்துத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டெலிபோன் அருகில் வைத்திருந்தால், அவனும் அதைப் பார்த்தே பதில் சொல்லலாம்.