விறகும் விரதமும்

தமிழில் 'குளிர் காய்வது' என்றால் ஏதோ குற்றம் செய்வது என்று அர்த்தமாகிவிட்டது. அண்ணன் தம்பி சண்டையில் அவன் குளிர் காய்கிறான், ஊர் இரண்டுபட்டதில் இவன் குளிர் காய்கிறான் என்று வைகிறோம். அடுத்தவன் வீடு எரியும்போது அந்த நெருப்பில் கையை நீட்டிச் சூடேற்றிக் கொள்கிறவன் என்பது கருத்து. வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள்தாம் இப்படி ஒரு வசவை உண்டாக்கியிருக்க முடியும். தஞ்சாவூரிலும் மதுரையிலும் நெருப்பு என்பது சோற்றுக்கு; உடம்புக்கு அல்ல. மார்கழி விடியற்காலையில் தெருச் சருகைக் கூட்டிக் கொளுத்தி, நாலு பேர் சுற்றிக் குந்தி, ஊர் வம்பு பேசிவிட்டு எழுந்தால் எங்கள் குளிர்காலம் முடிந்தது. அதற்கு விறகும் வேண்டாம். விறகைச் சேமிப்பதும் வேண்டாம்.

இப்படிப்பட்ட தேசத்தில்தான் 'சேர்த்து வைக்காதே' என்கிற தர்மமும் சௌகரியமாக வளர்ந்தது. காந்தியடிகள் தமது ஆசிரம விரதங்களில் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைத்தார். தேவைக்கு மேல் எதையும் உடைமையாக வைத்துக் கொள்ளாமலிருப்பது அது. 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு வாரா வாரம் எழுதிய கடிதங்களில், இந்த விரதம் முழுமை பெற்றால் மனிதன் பறவையைப் போல இருப்பான், நாளைக்கென்று ஒரு மணி தானியமும் வைத்திருக்க மாட்டான் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். அதை முழுமையாகக் கைக்கொள்வது மனிதனால் ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும்.

எனக்கு அந்த விரதத்தின் மேல் மரியாதை உண்டு. பீரோ நிறையப் புடவையும் பெட்டி நிறைய நோட்டுமாக வாழ்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மரியாதை கூடவே செய்கிறது. ஆனால் பறவை என்கிற உதாரணத்தில்தான் ஒரு சிக்கல். குளிர்ப் பிரதேசத்துப் பறவைகளில் சில, இலையுதிர் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி மண்ணில் புதைத்து வைத்து, பனிக் காலத்தில் தோண்டித் தின்கின்றன என்று பறவை நூலார் சொல்கிறார்கள். அந்தப் பறவைகளிடம் போய் அபரிக்கிரகம் பேச முடியுமா? விரதத்தைக் கெடுக்கிற அந்தப் பொருள் குளிர். அதிலும் குளிருக்கு வேண்டிய விறகு.

அரிசியை இன்று வாங்கி இன்றே பொங்கலாம். விறகை இன்று வெட்டி இன்று எரிக்க முடியாது. எரிக்கலாம், ஆனால் சூடு வராது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பத்துக் கிலோ பச்சை விறகை அடுப்பில் வைக்கிறவன் ஐந்து கிலோ தண்ணீரையும் சேர்த்து வைக்கிறான். அந்த ஐந்து கிலோவும் ஆவியாகிப் போகிறவரைக்கும் நெருப்பு தண்ணீருக்குத்தான் வேலை செய்யும், நமக்குச் செய்யாது. நமக்குக் கிடைப்பது புகையும் இருமலும் புகைபோக்கியில் படிகிற கரியுந்தான். நன்றாகக் காய்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஈரம் இருக்கும். அந்த நிலைக்கு வருவதற்குப் பிளந்த கட்டை ஆறு மாதமோ ஒரு வருஷமோ, தரையைத் தொடாமல், மழை படாமல், காற்று மட்டும் படும்படி அடுக்கிக் கிடக்க வேண்டும். ஆக, காய்ந்த விறகு என்பது மரம் மட்டும் அல்ல. மரமும் ஒரு வருஷமும். நாளைக் குளிருக்குப் போன வருஷமே சேர்த்து வைத்திருக்க வேண்டும். விரதக்காரன் என்ன செய்வான்?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து பிடிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவலை முடிப்பதற்காக உதகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய பங்களாவின் பாதியை வாடகைக்கு எடுத்து, மார்கழியும் தையும் அங்கே தங்கினேன். ஏழாயிரம் அடிக்கு மேல் உயரம். விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவினாற்போலக் கிடக்கும். என் அறையில் சுவரைக் குடைந்து கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. உயரமான கூரை, அகலமான ஜன்னல்கள், ஒரு மூலையில் இந்தக் கணப்பு. எரிக்கிற விறகின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகும். மிச்சம் மீதியில் முழங்கால் மட்டும் காயும், முதுகு விறைக்கும்.

அதே மலையில் தோடர்களின் பழைய குடிசையைப் பார்த்தால் வேறொரு புத்தி தெரியும். பீப்பாயை நெடுக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற வடிவம். மூங்கிலும் பிரம்பும் புல்லும். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், அவ்வளவு சிறிய வாசல். உள்ளே சின்ன அடுப்பு. குளிரை ஜயிக்க இரண்டு வழி உண்டு: விறகைக் கூட்டலாம், வாசலைக் குறைக்கலாம். தோடர்கள் வாசலைக் குறைத்தார்கள். துரைமார் விறகைக் கூட்டினார்கள்.

கூட்டினார்கள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819-இல். 1822-இல் உதகையில் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். வீடுகள், வீட்டுக்கு வீடு கணப்புகள். அக்கம்பக்கத்துச் சோலைகளில் கோடாலி விழுந்தது. நீலகிரிச் சோலை என்பது மலை மடிப்புகளில் பதுங்கிக் கிடக்கிற அடர்ந்த சின்னக் காடு. சுற்றிலும் புல்வெளி. அந்த மரங்கள் வளர்வதில் அவசரமே இல்லாதவை. மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடை வரைக்கும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவை. அதாவது, அந்தக் காடே ஒரு சேமிப்பு. யாரோ சேர்த்ததை வந்தவர்கள் எரித்தார்கள். எரித்துக் கொண்டே போனபோது விறகுப் பஞ்சம் வந்தது. 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். அந்தக் காலத்தையொட்டிச் சீகை மரமும் வந்தது. இரண்டும் மளமளவென்று வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசாங்கமே தோப்புத் தோப்பாக விறகுக்கென்று நட்டது. இதனால் சோலைகள் பிழைக்கும் என்று சொன்னார்கள். ஓரளவு பிழைக்கவும் செய்தன. ஆனால் நட்ட இடம் எது? 'வெறும் நிலம்' என்று கணக்கில் எழுதிய புல்வெளி. அது தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல். வெறும் நிலம் அல்ல. பிறகு சீகை யாரும் நடாமலே புல்வெளிக்குள் பரவிக் கொண்டது. கற்பூர மரமோ தண்ணீரை உறிஞ்சுகிறது என்ற புகாரோடும், 'நீலகிரித் தைலம்' என்ற பெயரோடும் அந்த ஊர் மரமாகவே ஆகிவிட்டது. வந்தேறிக்குக் கிடைத்த பட்டப்பெயரைப் பாருங்கள்!

நான் தங்கியிருந்த பங்களாவில் அப்படி இரண்டு கற்பூர மரங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றன. மலைப் பகுதிகளில் மரங்களைப் பாதுகாக்க 1955-இல் ஒரு சட்டம் வந்தது. சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. வீட்டுக்காரர் முறையாக மனுப்போட்டு, அனுமதி வாங்கி, இரண்டையும் சாய்த்திருந்தார். அவற்றைத் துண்டு போட்டுப் பிளப்பதற்கு ஒரு பெரியவர் தினமும் வருவார். அறுபது வயதிருக்கும். என் ஜன்னலுக்கு நேரே அவருடைய வேலை. நாவல் நகராத நாட்களில் நான் அவரைப் பார்த்துக் கொண்டிருந்தேன். நகர்ந்த நாட்களிலும் பார்த்தேன்.

விறகு பிளப்பதைப் பலம் என்று நினைக்கிறவர்கள் அதைக் கிட்ட நின்று பார்க்காதவர்கள். அவர் கட்டையை நிறுத்தி வைத்து முதலில் அதன் முகத்தைப் பார்ப்பார். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிற மயிரிழை வெடிப்பு எங்கே இருக்கிறது, கணு எந்தப் பக்கம், நார் எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு வெடிப்பில் இரும்பு ஆப்பை நிறுத்தி, சம்மட்டியால் இரண்டு தட்டு. மூன்றாவது அடிக்கு முன்னால் ஒரு விநாடி நின்று கேட்பார். கட்டைக்குள்ளே 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டுவிட்டால் அப்புறம் பலமே வேண்டாம். கணுவுள்ள கட்டையோடு மல்லுக்கட்டுவதில்லை, தனியே உருட்டிவிடுவார்.

"ஏன் பெரியவரே, ஈரக் கட்டையோடு இப்படிப் போராடுகிறீர்கள்? காய்ந்த பிறகு பிளந்தால் லேசாக இருக்காதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காஞ்சா இரும்புங்க சார். கற்பூரம் முறுக்கிக்கும். பச்சையா இருக்கறப்பவே பொளந்துரோணும்."

"இதை எப்போது எரிப்பது?"

"இது அடுத்த வருஷத்துக்குங்க. இப்ப நீங்க எரிக்கறது போன வருஷம் நான் பொளந்தது."

"உங்கள் வீட்டுக்கு?"

அவர் சிரித்தார். "எனக்கு எங்கீங்க அடுத்த வருஷம்? அன்னன்னைக்குக் கெடைக்கறதுதான்."

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகும்போது தலையில் இருக்கிற கட்டைப் பார்த்தேன். பட்டை, சிராய், பிளக்க ஒப்பாத கணுக் கட்டைகள். எல்லாம் பச்சை. புகையுமே என்றேன். "பொகையில கண்ணு எரிஞ்சா குளிரு மறந்துருமுங்க" என்றார். பத்துக்குப் பத்து லயன் வீடு, புகைபோக்கி கிடையாது. விறகை எங்கே உலர்த்துவது? ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்கிற மலையில், கூரையில்லாமல் விறகு காயாது. கொட்டகை உள்ளவனுக்குக் காய்ந்த விறகு. கொட்டகை இல்லாதவனுக்கு ஈர விறகு. காசு கொடுத்து வாங்குகிற ஏழையும் எடைக்குத்தான் வாங்குகிறான். எடையில் பாதி தண்ணீர். ஒரே மரத்திலிருந்து அதிகம் செலவழித்துக் குறைவாகச் சூடு பெறுகிறவன் அவனே.

இங்கேதான் விரதம் வேறு விதமாக எனக்குத் தென்பட்டது. அந்தப் பெரியவர் அபரிக்கிரகத்தைப் பூரணமாக அனுஷ்டிக்கிறவர். நாளைக்கென்று ஒரு சுள்ளி இல்லை. அவரை ஞானி என்று கும்பிடலாமா? கும்பிடுகிறவனை நான் அயோக்கியன் என்பேன். வைத்துக்கொள்ள முடிந்தவன் வைத்துக்கொள்ளாமலிருந்தால் அது விரதம். வைத்துக்கொள்ள இடமே இல்லாதவனுடைய வெறுங்கைக்கு விரதம் என்று பெயர் சூட்டுவது, வெந்த புண்ணுக்குச் சந்தனப் பொட்டு வைப்பது. சேர்த்து வைப்பது பாவமா என்பது பாதிக் கேள்விதான். காத்திருக்கிற வசதி யாரிடம் இருக்கிறது என்பது மறுபாதி. விறகு விஷயத்தில் காத்திருக்க முடிகிறவன்தான் பணக்காரன்.

வீட்டுக்காரரிடம் இதைப் பேசினேன். அவர் நல்ல மனிதர். வாடகைக்கு இருந்தேன் என்பதற்காகச் சொல்லவில்லை. பேசிய கூலியை அன்றன்றே கொடுத்துவிடுவார். பதினொரு மணிக்குக் காப்பி. சிராயை எடுத்துப் போகத் தடை சொன்னதில்லை. "கூலி கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன ஸார் பாக்கி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூலி வேலைக்குக் கொடுத்தாகிவிட்டது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கணக்கு எங்கே எழுதுவது என்றேன். கொட்டகையில் ஒரு மூலையை அவருக்கு விடலாமே, அவருடைய விறகும் அங்கேயே காயட்டுமே என்றும் சொன்னேன். "இன்றைக்கு விறகு வைப்பார். அவருக்குக் கொடுத்தால் தோட்டக்காரன் கேட்பான், பால்காரன் கேட்பான். கொட்டகை எனக்கு இருக்காது" என்றார். பயத்தை நியாயமாகப் பேசுகிற சாமர்த்தியம் சொத்துள்ள எல்லாரிடமும் இருக்கிறது. இருந்தாலும் இரண்டு நாள் யோசித்து, "சரி, ஒரு மூலைதானே" என்று இறங்கி வந்தார்.

பெரியவர்தான் ஒப்பவில்லை.

"வேண்டாங்க சார். அங்க வெச்சா ஒவ்வொரு கட்டையையும் கேட்டுக் கேட்டு எடுக்கோணும். ராத்திரி கொழந்தைக்குக் குளிருதுன்னா வந்து கேட் தட்டவா?"

"பின்னே என்ன செய்யலாம்?"

"கொட்டகைக்குப் பின்னால பழைய தகரம் நாலு கெடக்குதுங்க. அதை வெலைக்குக் குடுக்கச் சொல்லுங்க."

சும்மாவே எடுத்துப் போகட்டும் என்றார் வீட்டுக்காரர். பெரியவர் அதற்கும் ஒப்பாமல், இரண்டு நாள் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாங்கினார். தலையில் ஒவ்வொன்றாகச் சுமந்துபோய், லயன் வீட்டுப் பக்கச் சுவரில் சாய்ப்பாக இறக்கி, கீழே கல் பரப்பினார். காற்று மேற்கேயிருந்து வரும், அதனால் கட்டைகளின் வெட்டு முகம் மேற்கே பார்க்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். கூலியில் பாதியை இனிமேல் கட்டையாகவே வாங்கிக் கொள்வதாக வீட்டுக்காரரிடம் பேசியும் முடித்துவிட்டார். அதில் ஒன்றிரண்டு ரூபாய்க்கு இருவருக்கும் தகராறு நடந்தது, நான் தலையிடவில்லை.

நான் மலையிறங்குகிற அன்று அவர் முதல் வரிசையை அடுக்கிக் கொண்டிருந்தார். விரலை மடக்கி எண்ணினார். "இப்பத் தை. பங்குனி, சித்திரை வெயிலு ரெண்டு மாசம் முழுசாக் கெடைக்கும். ஆடிச் சாரலுக்குச் சாக்குப் போட்டு மூடிக்கலாம். மார்களிக்குக் காஞ்சிரும்" என்றார்.