வெளியாளின் கண்

அமெரிக்காவை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது சரியாகத் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆதாரமும் இருக்கிறது. 1831இல் சிறைச்சாலைகளைப் பார்வையிடப் போன பிரெஞ்சுக்காரர் தோக்வில், ஒன்பது மாதம் சுற்றிவிட்டு எழுதிய புத்தகத்தை அமெரிக்கர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் தூரம் மட்டும் போதுமென்றால் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் எல்லோருமே தோக்வில்தான். உண்மையில் அமெரிக்காவைத் திட்ட நாம் எடுக்கும் வாதங்களில் பலவும் அமெரிக்கர்கள் எழுதியவை. சினிமாவோடு சேர்த்துக் கண்டனத்தையும் இறக்குமதி செய்துகொள்கிறோம்.

*

கொச்சியின் மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு உலகமயமாக்கல் 1991இல் வந்தது என்று சொன்னால் எடுபடாது. 1500 டிசம்பரிலேயே கப்ராலின் கப்பல்கள் மிளகு தேடிக் கொச்சிக்கு வந்துவிட்டன. 1568இல் யூதர்கள் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் தரையில் பதித்திருப்பவை சீனத்து ஓடுகள்.

அந்த ஜெபாலயம் நிற்கும் யூதத் தெருவில் 1957 முதல் மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடந்தது. கூவி விலை சொன்ன காலம் போய் விலை கணினித் திரைக்கு ஏறிவிட்டது. மிளகைச் சலிக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. பொக்கு நீக்கி, ஒரு லிட்டர் அளவையில் நிரப்பி, எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். எடை குறைந்தால் உள்ளே சதை இல்லை என்று பொருள். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கென்றால் 1907இல் அங்கே தொடங்கிய மசாலா வணிகர் சங்கத்தின் விதிகளும் சேரும்: பூச்சி இவ்வளவு, பூஞ்சை இவ்வளவு, அதற்கு மேல் கூடாது. மிளகுக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் நாடு, விளைவிக்கிற ஊருக்கு விதி எழுதுகிறது. வாங்குகிறவரின் பயமும் பிடிவாதமும் விற்கிறவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் வாய் திறக்க மாட்டார். அடுத்த ஆர்டர் வர வேண்டுமே.

பார்க்க முடிந்தவருக்குச் சொல்ல முடிவதில்லை. சொல்லும் சுதந்திரம் உள்ளவர் கிட்டே போய்ப் பார்ப்பதில்லை.

*

பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சி. வெளி என்ற பகுதியில் தோபிக்கானா இருக்கிறது. துவைப்பவர்கள் பெரும்பாலும் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கக் கூட்டிவரப்பட்ட முன்னோரின் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கிளிப் கிடையாது, காற்றுக்கும் விழாது. அன்று துரைமார் உடுப்பு, இன்று ஓட்டல் விரிப்பு. வெளிநாட்டாரின் அழுக்கை இத்தனை தலைமுறையாகக் கண்டவர்களிடம் வெளிநாட்டாரைப் பற்றி யாரும் கட்டுரை கேட்டதில்லை. கருத்துச் சொல்ல நாம் தேடிப்போகும் வெளியாள் எப்போதும் படித்த வெளியாள்தான்.

*

படித்த வெளியாட்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஈழத்தமிழர், தாய் ஆங்கிலேயர். 1917 முதல் 1947இல் இறக்கும்வரை பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் வேலை பார்த்தார். கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்று அங்கிருந்துகொண்டே 1943இல் ஒரு புத்தகத்தின் தலைப்பிலேயே கேட்டார். புழங்குவதற்காகச் செய்த பொருளைக் கண்ணாடிக்குள் வைத்து ரசிக்கும் சமூகம், தன் தொழிற்சாலையில் உழைப்பவனிடமிருந்து கலையைப் பிடுங்கிவிட்டது என்பது அவர் வழக்கு. சம்பளம் கொடுத்த இடத்தின் அடிப்படையையே கேள்வி கேட்டார்.

யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவர் ஞாபகம் வராமல் இருக்காது. ஊரே உண்ணும் அளவுக்குப் பாயசம் காய்ச்சும் வெண்கல வார்ப்பு, அடியில் கரி இல்லாமல் பளபளவென்று நிற்கிறது. அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்பவர்களில் அமெரிக்கரும் உண்டு, நாமும் உண்டு. குமாரசுவாமி பாஸ்டனுக்குச் சொன்னது இப்போது நமக்கும் செல்லும்.

*

கேரளத்திலிருந்து ஒரு அமெரிக்க நிறுவனத்தை நோக்கி எழுந்த மிகக் கூர்மையான விமர்சனம் எந்த நூலிலும் தொடங்கவில்லை. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், பாலக்காட்டுப் பிளாச்சிமடையில், கிணற்றடியில் தொடங்கியது. கோகா கோலா ஆலை வந்த பிறகு தண்ணீர் கெட்டுவிட்டது, சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்றார்கள் அங்குள்ள பெண்கள். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007இல் அவர் காலமானார்.

அமெரிக்கப் பண்பாடு பற்றிய விசாரணையாக அது தொடங்கவில்லை. என் கிணறு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுவனத்தின் விளம்பரமெல்லாம் வேலைக்கு ஆகவில்லை.

*

அமெரிக்காவைப் பற்றிய எந்தக் கண்டனத்தைப் படித்தாலும் அதில் அமெரிக்கா என்ற பெயரை அடித்துவிட்டுப் பார்க்கலாம். ஒரு கிணறோ ஒரு விலையோ ஒரு வார்ப்போ மிஞ்சினால் எழுதியவர் எதையோ தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது வெறும் கோபம்.

இன்னொன்றும் உண்டு. தொட்டுப் பார்த்த விமர்சனம் அயலானோடு நிற்காது. பிளாச்சிமடை ஆலைக்கு 2000இல் உரிமம் கொடுத்தது பெருமாட்டி ஊராட்சி. 2003இல் அதைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே ஊராட்சிதான். ஆலைக்குக் கேட்ட கேள்வி தன் கையெழுத்துக்கும் பொருந்தும் என்று அது புரிந்துகொண்டது. நம் விமர்சனங்களில் பலவற்றுக்கு இன்னும் அந்த இரண்டாவது பாதி இல்லை.