ஒருவரின் புகழும் ஒரு சமூகத்தின் உரிமையும்

சிறுபான்மைச் சமூகமொன்றிற் பிறந்த ஒருவர் நாடே போற்றும் விளையாட்டு வீரராக உயர்வாராயின், அவ்வுயர்வு அச்சமூகத்துக்கு நீதி கிடைத்துவிட்டது என்பதற்குச் சான்றாகுமா? மலையகத்தைப் பொறுத்தவரை இது வெறுந் தருக்க வினா அன்று.

அமெரிக்க யூதரின் வரலாறு இவ்வினாவுக்கு ஒளியூட்டுகின்றது. 1934 இல் டெட்ரோயிட் பேஸ்போல் அணியின் வீரர் ஹாங்க் கிரீன்பேர்க், யூதரின் நோன்பு நாளான யோம் கிப்பூரன்று ஆடாது வழிபாட்டுக்குச் சென்றார். 1965 இல் சான்டி கூபக்ஸ் அதே நாளை முன்னிட்டு உலகத் தொடரின் முதல் ஆட்டத்திற் பந்தெறிய மறுத்தார். இருவரும் பெரும் புகழ் பெற்றனர். ஆயினும் கிரீன்பேர்க் ஆடிய காலத்தில் அந்நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் சில, யூத மாணவரின் தொகைக்கு வரம்பிட்டிருந்தன. ஆடுகளத்துக் கைதட்டல் கல்விக்கூடத்தின் கதவைத் திறந்துவிடவில்லை.

இலங்கையில் முத்தையா முரளிதரனின் வாழ்வும் இவ்வாறே சிந்திக்கத்தக்கது. தேயிலைத் தோட்டத் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனான அவர், 1992 இல் டெஸ்ட் அரங்கிற் புகுந்தார்; 2010 இல் காலியில் 800 ஆவது விக்கெட்டுடன் விடைபெற்றார். அவருடைய பாட்டனாரைப் போன்று தோட்டங்களுக்கு வந்தோரிற் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் அம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று. அதாவது, முரளிதரன் இந்நாட்டுக்காகப் பதினோராண்டுகள் பந்துவீசி, 400 விக்கெட்டுகளைக் கடந்த பின்னரும், அவருடைய சமூகத்தவர் பலர் எந்நாட்டின் குடிகளாகவும் இருக்கவில்லை.

அவர் வளர்ந்தது லயன் அறையிலன்று; கண்டி நகரிலே, பிஸ்கற் உற்பத்தியில் ஈடுபட்டிருந்த தந்தையின் இல்லத்தில். புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும் பயிற்சியும் அவருக்கு வாய்த்தன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மலைச்சரிவு லயன்களின் வாசலிற் பந்தெறியும் பிள்ளைக்கு அவை எளிதில் எட்டுவனவல்ல.

அவ்வாறாயின் ஒருவரின் உயர்வாற் பயனே இல்லையோ எனின், உண்டு. கூலிகள் என இகழப்பட்டோர்க்கு அது தன்மதிப்பை ஊட்டிற்று. ஆனால் தன்மதிப்பு உரிமைப் போராட்டத்துக்கு ஊக்கமாகலாம், உரிமைக்கு ஈடாகாது. சமூகத்தின் குறைகளையெல்லாம் அவ்வீரரே பேசித் தீர்க்கவேண்டுமென எதிர்பார்ப்பதும் முறையன்று. கிரீன்பேர்க்கின் நோன்பு அவருடைய மனச்சான்றின் முடிவு. நீதி வழங்கும் கடமையோ அரசுக்கும் சமுதாயம் முழுவதற்கும் உரியது. அதனை ஒரு பந்துவீச்சாளரின் தோளில் ஏற்றுதல் தகாது.

ஆற்றல் மிக்கார்க்கு மட்டுங் கிடைப்பது பரிசு. ஆற்றல் நோக்காது அனைவர்க்குங் கிடைப்பதே உரிமை. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை, ஒரு விக்கெட்டையேனும் வீழ்த்தாமலே, நல்ல பள்ளியையும் சொந்த வீட்டையும் நிலத்தையும் பெறும் நாளிலேயே நீதி நிலைபெற்றது எனக் கூறல் பொருந்தும்.