கூட வருகிற ஒருவர்

ஒரே பள்ளியில் படித்து வளர்ந்த நண்பர்கள் ஐந்து பேர், வேலைக்குப் போய்க் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்குவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். பெரும்பாலும் நோட்டுப் புத்தகம், பை, பரிசுக் கோப்பை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மனம் நிறைந்து கொடுக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பணத்தைவிட அரிதான ஒன்று அவர்களிடம் இருக்கிறது. எந்த வீட்டில் விண்ணப்பத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை, எந்தப் பிள்ளை கோடை விடுமுறையில் வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அல்லது ஒரே நாளில் விசாரித்துவிட முடியும். அந்தப் பழக்கத்தைத்தான் அவர்கள் முதலாகப் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. வருமானம் குறைந்த குடும்பங்கள் வரிக்கணக்குக் கொடுக்க வந்த இடத்திலேயே, கல்லூரி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தையும் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். வேறு சில குடும்பங்களுக்கு, எவ்வளவு தொகை கிடைக்கும் என்ற விவரத்தை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நிரப்பிக் கொடுத்த வீடுகளின் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளில், இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 28 என்பதிலிருந்து 36 ஆனார்கள். விவரம் மட்டும் கேட்டுப்போனவர்களிடம் மாற்றம் ஏதும் இல்லை. நம் தமிழ்நாட்டிலும் உதவிகள் இல்லாமலில்லை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களும் வந்தன. ஆனாலும் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கு அலைந்து, கலந்தாய்வு நாளைத் தவறவிடாமல் போய்ச் சேர்வது, கல்லூரி வாசலையே பார்த்திராத பெற்றோருக்கு எவ்வளவு மலைப்பு! அங்கே கூட வருகிற ஒருவர் பத்துப் பைகளைவிடப் பெரிய உதவி.

பயிற்சி பெறாதவர்கள் கல்வியில் கை வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தது. பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பள்ளிகளில் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. பின்தங்கியிருந்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த ஆதாயத்தில் பெரும்பங்கு கரைந்துபோயிருந்தது. நிதி வரும்வரை நடக்கும் திட்டத்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. இருபது வருட நட்புக்கு அப்படி ஒன்று இல்லை. நண்பர்கள் தொடங்கும் அமைப்பின் மேல் நான் நம்பிக்கை வைப்பது இதனால்தான்.

இது அரசின் கடமை அல்லவா என்றால், ஆம், அரசின் கடமையே. ஆசிரியரை நியமிப்பதும் வகுப்பறை கட்டுவதும் நண்பர்களால் ஆகிற காரியமில்லை; அதற்கு அவர்கள் முயலவும் கூடாது. அரசு திறந்துவைத்த கதவுவரை பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை. எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. நட்புக்குள் கணக்கு எதற்கு என்று விட்டுவிட்டால் அமைப்பும் போகும், நட்பும் போகும். ஊரைவிட்டு நகரத்துக்குப் போன நண்பர்களுக்குத் தெரிந்த ஊர், அவர்கள் படித்த காலத்து ஊராகவே நின்றுவிடவும் கூடும். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நண்பர்கள் ஐந்து பேர்தான் என்றால், மீதி இரண்டு இடங்களில் அந்தப் பள்ளியில் இன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் இருவர் உட்காரட்டும். இந்த வருடம் எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை விட்டது என்று அவர்கள் சொல்வார்கள். போன மாதச் செலவு எங்கே போனது என்றும் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.