ஆயாவின் பங்குனி உத்திரம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 921. ஊர்ச்சபைக்குத் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்ன குடவோலை முறையை அது சொல்கிறது. அங்கிருந்து வெகு தூரமில்லாத ஒரு கிராமத்தில், 1952இல், எங்கள் ஆயாவின் கல்யாணமும் ஒரு குழந்தையின் கையால்தான் முடிவானது. குலதெய்வத்தின் முன் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்தது வெள்ளை. உத்தரவு கிடைத்துவிட்டது என்று பெரியவர்கள் அன்றே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். ஆயாவுக்கு 16 வயது. அன்றைய சட்டப்படி பெண்ணுக்கு 15 போதும். நாற்றுப் பறிக்கப் போயிருந்தவளுக்கு, பொழுது சாய்ந்து வீடு திரும்பிய பிறகுதான் விஷயமே தெரியும்.

சாமியைக் கேட்டார்கள், குழந்தையைக் கேட்டார்கள், அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லும்போது ஆயாவின் குரலில் கோபம் இருக்காது. ஆனால் அவள் அதை மறந்ததும் இல்லை.

வருடம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்குக் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விடுவாள். மாமரத்தடியில் அம்பாள் மணலால் லிங்கம் பிடித்துத் தவமிருக்க, சிவன் கம்பை நதியைப் பெருக்கெடுக்க விட்டார். லிங்கம் கரைந்துவிடுமே என்று அவள் மார்போடு அணைத்துக்கொள்ள, அவர் குழைந்துபோனார். தழுவக் குழைந்த நாதர் என்ற திருநாமம் அதனால் வந்தது. இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் ஆயாவுக்குக் கண் கலங்கும். ஒருமுறை சொன்னாள்: "அம்மன் தானே தவமிருந்து தேடிக்கிட்டா, கண்ணு. எனக்கு யாரோ தேடிக் குடுத்தாங்க. வெள்ளம் வந்தப்ப வுடாம புடிச்சிக்கினது மட்டும் ரெண்டு பேரும்தான்."

அவளுக்கு வந்த வெள்ளம் தலைப்பிள்ளையின் சாவு. ஜுரத்தில் போன பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த இரவு, தாயார் எதிரில் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசியறியாத தாத்தா, திண்ணையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் மண் காயவில்லை. ஆயா தன் முந்தானையை நனைத்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டாளாம். "அன்னிக்குத்தான் அவரு மூஞ்சிய முழுசா பாத்தேன்" என்பாள்.

பிறர் நம்மைத் தூக்கி ஒப்படைப்பது சரணாகதி ஆகாது. தானாக நீளும் கையில்தான் அது இருக்கிறது. தாலி ஏறிய நாளில் ஆயாவைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். தன்னை அவள் கொடுத்தது அந்தத் திண்ணையில்தான் என்று நினைக்கிறேன். அந்த இரவில் இருந்த அருளை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அதைக் காட்டி, கேட்காமல் கட்டிவைத்ததை நியாயப்படுத்த என் மனம் ஒப்பவில்லை.

ஆயாவும் ஒப்பவில்லை. போன தை மாதம் என் தங்கைக்கு வரன் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, கோயிலில் பூ போட்டுப் பார்க்கலாம் என்று அப்பா கிளம்பினார். ஆயா அவரைத் தடுத்து உட்காரவைத்தாள். "மொதல்ல உள்ள போயி அவள கேட்டுட்டு வா. அப்பறம் சாமிய கேக்கலாம்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.