இல்மைத் தேடும் கால்களும் ஏலமலை மழையும்



கல்விக்காக ஊர் விட்டு ஊர் நடப்பதை நமது மார்க்கம் வெறும் பயணமாகக் கருதவில்லை. அதை ஓர் இபாதத்தாகவே மதிக்கிறது. இல்மைத் தேடி ஒருவன் அடியெடுத்து வைக்கும் பாதையைச் சுவனத்தின் பாதையாக அல்லாஹ் எளிதாக்கி விடுகிறான் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துச் சென்றுள்ளார்கள். எனினும், அந்தப் பாதையில் சேறு இருக்கும், பசி இருக்கும், அறிமுகமில்லாத முகங்கள் இருக்கும். அவற்றில் நடப்பவனுக்கும் கடமைகள் உண்டு. அவன் வந்து சேரும் ஊராருக்கும் கடமைகள் உண்டு.

ஹதீஸ் கலை மேதை இமாம் அபூஹாத்திம் அர்ராஸீ (ரஹ்) அவர்களின் மாணவப் பருவத்தைக் கவனியுங்கள். ஹிஜ்ரி 195-ல் பிறந்த அவர்கள், 213-ல் தமது ஊராகிய ரய்யை விட்டுப் புறப்பட்டார்கள். கால்நடையாகக் கடந்த தூரத்தை ஆயிரம் ஃபர்ஸக் வரை எண்ணினார்கள்; பிறகு எண்ணுவதையே விட்டு விட்டார்கள். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல் என்றால், எண்ணிய தூரமே மூவாயிரம் மைல்!

அடுத்த ஆண்டு பஸராவில் ஓராண்டு தங்க நாடினார்கள். எட்டே மாதத்தில் கைப்பணம் தீர்ந்தது. உடுதுணிகளை ஒவ்வொன்றாக விற்றார்கள், அதுவும் தீர்ந்தது. தோழர் ஒருவருடன் பகலெல்லாம் ஷைகுமார்களின் வாசல்களை நாடி நடப்பார்கள்; மாலையில் வெறும் அறைக்குத் திரும்பித் தண்ணீரைக் குடித்துப் படுப்பார்கள். இரண்டு நாள் இப்படிக் கழிந்து, மூன்றாம் நாள் தோழர் அழைத்தபோது எழ முடியவில்லை. அப்போதுதான் பசியை வாய் திறந்து சொன்னார்கள். அந்தத் தோழர் தம்மிடம் மிஞ்சியிருந்த ஒரே தீனாரில் பாதியைக் கொடுத்தார். இச்செய்தியை அவர்களுடைய மகனாரே பதிவு செய்து வைத்துள்ளார்கள்.

இங்கே நாம் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அத்தனை பெரிய பஸரா நகரில், தங்கள் தெருவில் நடந்து போன இளைஞர் இரண்டு நாளாய்ப் பட்டினி என்பதை அறிந்தவர் யார்? நகரமும் அறியவில்லை, உடன் நடந்தவரும் சொன்ன பிறகே அறிந்தார்.

நமது போடிநாயக்கனூரும் வெளியூர்க் கால்கள் வந்து சேரும் ஊர்தான். ஏல வியாபாரத்துக்கு வருவோர், மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருவோர், கல்லூரிக்கும் மத்ரஸாவுக்கும் வரும் பிள்ளைகள் என எத்தனையோ பேர். 2010-ன் இறுதியில் நின்ற ரயிலும் 2023 ஜூனில் மீண்டும் வந்து விட்டது. தென்மேற்குப் பருவத்தில் ஏலமலை நனையும். ஐப்பசி, கார்த்திகையில் போடியும் நனையும். கையில் குடையின்றி, வழி கேட்கக் கூச்சப்பட்டுக் கடை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மாணவனை நாம் எத்தனை முறை கடந்து போகிறோம்!

முதலில் அம்மாணவர்கள் அறிய வேண்டிய மஸாயில்களைப் பார்ப்போம்.

மழை நீர் தானும் சுத்தமானது, பிறவற்றையும் சுத்தமாக்கக் கூடியது. மழையில் முழுக்க நனைந்ததே ஒளூ ஆகிவிடுமா? ஹனஃபி மத்ஹபில் முகம், கைகள், கால்கள் மீது நீர் ஓடி, தலையும் நனைந்து விட்டால் ஒளூ நிறைவேறும், நிய்யத்து சுன்னத்தாகும். ஷாஃபிஈ மத்ஹபில் நிய்யத்தும் வரிசைக் கிரமமும் ஃபர்ளு. ஆகவே வெறுமனே நனைந்தது போதாது.

தெருச் சேறு ஆடையில் தெறித்தால் தொழுகையை விட்டு விடலாகாது. அசுத்தம் கண்ணுக்குத் தெரியாதவரை, தவிர்க்க இயலாத தெருச் சேற்றுக்கு மன்னிப்பு உண்டு.

மலைச்சரிவில் நடப்போரை அட்டை கடிப்பது சகஜம். அட்டை நிறைய இரத்தம் குடித்து விட்டால் ஹனஃபிகளுக்கு ஒளூ முறியும், ஷாஃபிஈகளுக்கு முறியாது. இரத்தம் பட்ட இடத்தைக் கழுவிக் கொள்வது இருவருக்கும் நலம்.

கடும் மழையும் சேறும் ஜமாஅத்தைத் தவற விடுவதற்கு உதுராகும். ஷாஃபிஈகள் அதற்குரிய நிபந்தனைகளுடன் பள்ளிவாசலில் முந்திய வக்தில் ஜம்உ செய்யலாம். ஹனஃபிகளுக்கு மழைக்காக ஜம்உ இல்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகிறவர், 17 கொண்டை ஊசி வளைவுகளில் எவ்வளவு களைத்தாலும், அந்தத் தூரத்திற்காகக் கஸ்ரு செய்ய முடியாது. கஸ்ருக்குரிய தூரம் அதைவிடப் பன்மடங்கு அதிகம். காட்டாறு பெருகும்போது துணிந்து இறங்குவது வீரமன்று. உயிர் அல்லாஹ் தந்த அமானத்.

இனி ஊராரின் கடமை. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் திருமறை சேர்த்துள்ளது. சொந்த ஊரில் வசதியுள்ளவராயினும், வந்த இடத்தில் கைப்பொருள் தீர்ந்து நிற்கும் முஸ்லிம் பயணிக்கு ஜகாத்திலிருந்து தேவைக்குக் கொடுக்கலாம். முஸ்லிமல்லாத மாணவனுக்கோ ஸதகாவின் வாசல் அகலத் திறந்தே இருக்கிறது. பசிக்கும் வயிற்றிடம் நாம் பெயர் கேட்க வேண்டியதில்லை.

எனவே, மழைக் காலத்தில் பள்ளிவாசலின் வெளித் திண்ணையைப் பூட்டி வைக்காதீர்கள். காய்ந்த கைலி நாலு அங்கே கிடக்கட்டும். வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் பிள்ளையை, "சாப்பிட்டாயா தம்பி?" என்று நீங்களே முந்திக் கேளுங்கள். மானமுள்ளவன் தானாகச் சொல்ல மாட்டான். இமாம் அவர்களே மூன்றாம் நாள்தானே சொன்னார்கள்!

பாதித் தீனார் கொடுத்த அந்தத் தோழரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதித் தீனார் காப்பாற்றிய உயிர், பின்னர் உம்மத்துக்கே ஹதீஸைத் தரம் பிரித்துத் தந்தது. நம் தெருவில் இன்று நனைந்து போகும் பிள்ளை நாளை யாராவான் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இல்மைத் தேடி நடப்போருக்கு அவன் பாதையை எளிதாக்குவானாக! அவர்களைக் கண்டறியும் கண்ணையும், கேட்காமலே கொடுக்கும் கையையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.