அன்னமும் மனமும்

மனம் அன்னத்தால் ஆனது என்பது சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயம் முன்வைக்கும் கருத்து. உண்ட உணவின் பருமையான பகுதி மலமாகிறது, இடைப்பகுதி ஊனாகிறது, நுண்பகுதி மனமாகிறது என்று உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார். சொன்னதோடு விடாமல் சோதித்தும் காட்டுகிறார். 15 நாள் நீரை மட்டும் அருந்தியிருந்த மகனை வேதம் ஓதச் சொன்னால், அவனுக்கு எதுவும் நினைவில் எழவில்லை. போய் உண்டு வந்ததும் கேட்டதற்கெல்லாம் விடை சொல்கிறான்.

சோறின்றி நினைவு இல்லை என்றால், நினைப்பவன் என்று உடலுக்கு அப்பால் ஒருவன் உண்டா? இல்லை என்பது, பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதத்தின் விடை. பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது மதுவின் களிப்பு பிறப்பதுபோல், பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்கிறான் மணிமேகலையின் 27-ஆம் காதையில் வரும் பூதவாதி. சாங்கியமும் சைவ சித்தாந்தமும் இதில் பாதியை ஒப்புக்கொள்கின்றன. மனமும் புத்தியும் அகங்காரமும் சடப்பொருளின் விரிவுகளே என்பது இரண்டுக்கும் உடன்பாடு. சித்தாந்தம் அவற்றை அந்தக்கரணங்கள் என்று 36 தத்துவங்களுள் அடக்குகிறது. அதன்படி அறிவது ஆன்மா; ஆனால் கருவியின்றி அதற்கு எதுவும் விளங்காது. ஆகவே பட்டினியில் மனம் மங்குவது கருவி தளர்ந்ததற்குச் சான்றே தவிர, ஆன்மா இல்லை என்பதற்கு அல்ல. பௌத்தம் நிலையான ஆன்மாவை ஏற்பதில்லை; மனத்தை வெறும் பூதமாகவும் குறுக்குவதில்லை. கவளமாக உண்ணும் உணவோடு புலன்தொடர்பு, எண்ணம், விஞ்ஞானம் என்னும் உணர்வு ஆகியவற்றையும் சேர்த்து அது நான்கு ஆகாரங்களைச் சொல்கிறது.

உள்ளத் தூய்மைக்கு ஆகாரத் தூய்மை வழி என்று சாந்தோக்கியத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. இங்கே ஆகாரம் எது என்பதில் உரைகாரர்கள் பிரிகிறார்கள். புலன்கள் வழியே உள்வருவது அனைத்தும் ஆகாரம்; விருப்பு, வெறுப்பு, மயக்கம் கலவாமல் அதைக் கொள்வதே தூய்மை என்பது சங்கரர் உரை. இராமானுசர் வாயால் உண்பதையே கருதி, பொருளின் இயல்பால் வரும் குற்றம், அது யாரிடமிருந்து வருகிறது என்பதால் வரும் குற்றம், இடையில் வேறொன்று கலப்பதால் வரும் குற்றம் என மூன்றை விலக்கச் சொல்கிறார். கீதையின் 17-ஆம் அத்தியாயமோ மக்கள் விரும்பும் உணவை அவரவர் குணத்தின்படி மூவகையாகப் பிரிக்கிறது. இவை அனைத்துக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது கொள்பவரின் கையில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் அசைத்தது இந்த எண்ணத்தைத்தான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா நோய் வாட்டியது. தோல் வெடித்து, வயிறு கழிந்து, சித்தம் கலங்கிய பலர் மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டனர். 1914 முதல் அதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், அது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறை என்று காட்டினார். குறைந்திருந்தது நியாசின் என்னும் வைட்டமின் என்பது 1937-க்குப் பின் தெளிவானது. அதைக் கொடுத்ததும் பலருக்குச் சில நாட்களில் சித்தம் தெளிந்தது.

சுவேதகேதுவைப் போல் எல்லோரும் மீள்வதில்லை. தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளை முழுதாக வளர்வதில்லை. பிறந்தபின் கொடுக்கும் அயோடின் அந்த இழப்பை ஈடுசெய்யாது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியே மீனவக் குடும்பங்களை அடைந்தது. 1956-இல் நோய் வெளிப்பட்டது. பெரிய அறிகுறி எதுவும் இல்லாத தாய்மாருக்கும் மூளை சேதமுற்ற குழந்தைகள் பிறந்தனர். ஈயம் உடலுக்குள் கால்சியம்போல் நடித்து மூளையில் நுழைகிறது. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் குழந்தைகளின் விழுந்த பால்பற்களை ஆராய்ந்து, ஈயம் மிகுந்தவர்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருப்பதைக் காட்டினார். அந்த ஈயத்தின் பெரும்பகுதி பெட்ரோல் புகையிலும் வண்ணப்பூச்சிலும் இருந்து வந்தது.

மனம் பொருளைச் சார்ந்தது என்பதை இவை உறுதிசெய்கின்றன. பூதவாதிக்கும் சித்தாந்திக்கும் இடையிலான வழக்கைத் தீர்ப்பதில்லை. மூளை கெட்டால் அறிவு கெடும் என்பதை இருவருமே எதிர்பார்க்கிறார்கள். சார்ந்திருப்பது வேறு, அதுவாகவே இருப்பது வேறு. முன்னதை ஆய்வுக்கூடம் காட்டலாம், பின்னதற்கு வாதம் வேண்டும்.

அறநெறியில் மட்டும் மாற்றம் தெளிவானது. மந்தபுத்தி, சோம்பல், கட்டுக்கடங்காமை என்று ஒருவரின் குணத்தின்மேல் ஏற்றப்பட்டவற்றுள் சில, அவர் தேர்ந்தெடுக்காத உணவாலும் காற்றாலும் வந்தவை. அவற்றுக்கு அவரைப் பழிப்பது நியாயம் ஆகாது. இராமானுசர் சொன்ன மூன்று குற்றங்களுள் மூன்றாவதான கலப்புக் குற்றமே இன்று முதலிடத்துக்கு வருகிறது. ஆனால் ஈயத்தையும் பாதரசத்தையும் கண்ணால் கண்டு ஒதுக்க முடியாது. தனிமனித நோன்பு அவற்றிடம் தோற்கிறது. இத்தகைய குறைகளையும் நஞ்சுகளையும் நீக்கியவை பொது ஏற்பாடுகளே. சுவிட்சர்லாந்து 1922-இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது. அயோடின் குறையால் வரும் முன்கழுத்துக் கழலையைத் தடுக்கும் திட்டத்தை இந்தியா 1962-இல் ஏற்றது. ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000-இல் கைவிட்டது; கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஆகாரத் தூய்மை உண்பவரின் ஒழுக்கமாக இருப்பதோடு, விளைவிப்பவர், விற்பவர், ஆள்பவர் ஆகியோரின் கடமையாகவும் ஆகிறது. பிறர் உயிருக்குத் தீங்கு செய்யாமை என்ற நெறி, பிறர் மனம் உருவாகும் பொருளைக் கெடுக்காமையையும் உள்ளடக்க வேண்டியதாகிறது.